குழந்தைவேலு உயிருடன் இருக்கிறார் என்பதற்குச் சான்று

உயிரோடு இருக்கும் ஒருவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று மெய்ப்பிப்பதற்காக நான் கோலாலம்பூருக்குச் சென்றேன். எழுபது வயதைக் கடந்தபின் முதன்முதலாகக் கடவுச்சீட்டு எடுத்ததும் இந்தக் காரியத்துக்காகவே. விருதுநகரில் என் தெருவார், "மகனைப் பாக்கவா, முருகனைப் பாக்கவா?" என்று கேட்டனர். இரண்டும் இல்லை என்றேன். மேற்கொண்டு விளக்கியிருந்தால் என் அறிவுநிலை குறித்து அவர்களுக்கு ஐயம் எழுந்திருக்கும்.

வாசகர்களுக்கு விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றபின், இணையத்தில் பலர் கூடி எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்றில் நானும் எழுதி வருகிறேன். ஊதியம் கிடையாது. பெயரும் கிடையாது, புனைபெயர்தான். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பது அதன் வாசலில் எழுதப்பட்டுள்ள வாக்குறுதி. மலாயாத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்து மறைந்த என் தாய்மாமன் விட்டுச்சென்ற நாடக விழா மலர்களைக் கொண்டு, அந்நாட்டு மேடைக் கலைஞர்கள் சிலரைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினேன். அவர்களுள் ஒருவர் கிள்ளானைச் சேர்ந்த கே. குழந்தைவேலு. வில்லன் வேடத்துக்குப் பேர்போனவர். அவர் மேடையில் சிரித்தால் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து தாய்மார்களின் மடிக்கு ஓடுவார்களாம்.

ஒருநாள் அக்கட்டுரையில் அவர் இறந்துபோயிருந்தார். கே. குழந்தைவேலு என்பவர் காலமானதாக அங்குள்ள தமிழ் நாளிதழில் மரண அறிவித்தல் வந்திருந்தது. முகம் தெரியாத ஒருவர் அதைச் சான்றாகக் காட்டி, இறந்த நாளைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். சில மாதங்கள் கழித்து, கலைஞரின் மகள் மல்லிகா எனக்கு எழுதினார்: "ஐயா, அப்பா நல்லா இருக்காங்க. இப்பதான் பசியாறுனாங்க. செத்தது பந்திங் ஊர்ல லோரி ஓட்டுன வேற குழந்தைவேலு." நான் உடனே இறப்பை நீக்கினேன். நெடுஞ்சேரன் என்ற புனைபெயர் கொண்ட நிர்வாகி அதனை மீண்டும் சேர்த்தார். நான் நீக்கினேன். அவர் சேர்த்தார். மூன்றாம் முறை நான் நீக்கியபோது, திருத்தப் போரில் ஈடுபட்டதாக என்னை ஒரு வாரம் தடைசெய்தனர். ஒரு மனிதரை ஒரே நாளில் மும்முறை உயிர்ப்பித்தது என் குற்றம்.

அதன்பின், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று உள்ள பேச்சுப் பக்கத்தில் மாதக்கணக்கில் வாதாடினேன். பயனில்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எங்கள் பங்களிப்பாளர் கூடல் நடைபெறும் என்றும், நெடுஞ்சேரன் நேரில் வருவார் என்றும் அறிவிப்பு வந்தபோது, கடைசி முயற்சியாக நானும் புறப்பட்டேன்.

முதல் நாள் பிரிக்பீல்ட்ஸில் கழிந்தது. புடவைக் கடை வாசலில் ஒலிபெருக்கி, பூக்கடையில் மல்லிகை, தலைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து செல்லும் ரயில். மழை வருவதற்கு முன்பே சட்டை நனைந்துவிடும் புழுக்கம். எங்கள் ஊர் வெயில் அடிக்கும், ஆனால் ஒட்டிக்கொள்ளாது. வாழை இலை உணவகத்தில் பணியாள், "அங்கிள், என்னா கறி ஊத்த? மீன் கறியா, கோழியா?" என்றார். நான் சைவம் என்றேன். "அப்ப சாம்பார் கறி" என்று ஊற்றினார். எங்கள் ஊரில் அச்சொற்றொடரைக் கேட்டால் சைவர்கள் எழுந்து ஓடிவிடுவர். பாகற்காய் வறுவல் மட்டும் மொறுமொறுவென்று, நம்மூரில் காணாத பக்குவத்தில் இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். இப்பயணத்தில் நான் மனநிறைவோடு உண்ட கடைசி உணவு அதுவே.

மறுநாள் கூடல். ஒரு சங்கத்தின் மாடியில் குளிரூட்டிய மண்டபம். பெருந்திரையில் எங்கள் களஞ்சியத்தின் கட்டுரை எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இந்திய மொழிகளுள் நாம் எத்தனையாம் இடம் என்று ஒருவர் பேசினார். அடுத்தவரும் அதையே பேசினார். பின்னர் போட்டிப் பரிசு. வென்ற அன்பர், எங்கோ வடதுருவத்தருகே உள்ள ஏரிகளைப் பற்றி இயந்திர மொழிபெயர்ப்பில் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் படைத்தவர். அவற்றைப் படித்துப் பார்த்தவர் எவரேனும் அம்மண்டபத்தில் இருந்தனரா என்பது ஐயமே. எண்ணிக்கை உயர்ந்தது, எனவே கை தட்டினர். வரவேற்பு வார்ப்புரு, எச்சரிக்கை வார்ப்புரு, நீக்கல் வார்ப்புரு என எல்லாவற்றுக்கும் ஆயத்தச் சொற்களை வைத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசவே தேவையில்லாத அமைப்பு ஒன்றை இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கட்டி எழுப்பியிருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

தேநீர் இடைவேளையில் நெடுஞ்சேரனைக் கண்டேன். நாற்பதைக் கடந்த, மென்மையான குரலுடைய மனிதர். சுங்கை பூலோவில் வீடு. என் புனைபெயரைச் சொன்னதும் எழுந்து இரு கைகளாலும் என் கையைப் பற்றினார். தமக்கு எடுத்து வைத்திருந்த நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். கொடியவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஐயா, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம்" என்றார். "ஆனா உண்மைய முடிவு பண்றது நம்ம வேலை இல்லையே. அச்சுல சான்று இருக்கா, அதான் கேள்வி. இறந்துட்டாருன்னு பேப்பர்ல வந்திருக்கு. இருக்காருன்னு எங்க வந்திருக்கு?"

"உயிரோடு இருப்பவரைப் பற்றி யார் பத்திரிகையில் அறிவிப்பார்?"

"அது எனக்குப் புரியுது ஐயா."

"பணம் கட்டி அவர்களே ஒரு விளம்பரம் கொடுத்தால்?"

"விளம்பரம் சார்பற்ற சான்று ஆகாது."

"மரண அறிவித்தலும் பணம் கட்டிக் கொடுப்பதுதானே?"

"சாவுல யாரும் பொய் சொல்லமாட்டாங்கன்னு ஒரு வழக்கம், ஐயா."

"கிள்ளான் இங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். நாளை என்னுடன் வாருங்கள். கண்ணால் பாருங்கள்."

"வந்தாலும் பயன் இல்லையே ஐயா. நான் பாத்தது சான்று ஆகாது."

முப்பதாண்டுகள் பேருந்தில் பணியாற்றியவன் நான். பயணி எதிரே நிற்கும்போது, சீட்டுப்படி நீ வண்டியில் இல்லை என்று சொன்ன நடத்துநரை எங்கும் கண்டதில்லை. அந்தப் பொட்டலத்தை மரியாதை கருதிப் பிரித்தேன். உண்ண இயலவில்லை.

மூன்றாம் நாள் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். ரயிலில் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்த பெட்டியில் ஏறி, காலியிடம் கிடைத்த மகிழ்ச்சியில் அமர்ந்தேன். எதிரில் இருந்த அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள், இது லேடீஸ் கோச் லா" என்றார் பொறுமையாக. "பரவால்ல, வயசாளிதான், ஒக்காருங்க" என்றார் இன்னொருவர். "வயசாளின்னா ஆம்பள இல்லையா?" என்று மூன்றாமவர் கேட்க, பெட்டி முழுதும் சிரித்தது. நான் எழுந்து அடுத்த பெட்டிக்கு நடந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் ரயில் நின்றுவிட, எல்லோரும் இறங்கினர்.

வாடகை வண்டி ஓட்டுநர் மலாய்க்காரர். எங்களுக்குள் பொதுமொழி இல்லை. அவர் தம் கைப்பேசியிடம் ஏதோ பேச, அதிலிருந்து ஒரு பெண் குரல், "நீங்கள் யாரைச் சந்திக்கப் போகிறீர்கள்?" என்று இலக்கணத் தமிழில் வினவியது. "இறந்துவிட்டதாகச் சொல்லப்படும் ஒருவரை" என்றேன். கைப்பேசி அதனை மலாயில் சொன்னது. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், அதன்பின் பேசவில்லை. இறங்கும்போது நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். என் சொற்களில் எந்தப் பாதி அவரைச் சென்றடைந்தது என்பதை நான் அறியேன்.

வரிசை வீடுகளுள் ஒன்று. வாயிற்கதவில் மாவிலை. குழந்தைவேலு கைலியும் பனியனுமாக வந்து கதவைத் திறந்தார். குள்ளமான மனிதர், குரல் மட்டும் பெரியது. "வாங்கய்யா, பொணத்தப் பாக்க வந்தீங்களா?" என்று சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பைச் சிரித்தார். எனக்கே உடல் சிலிர்த்தது.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி அஞ்சலை அம்மாள் சாய்ந்திருந்தார். சிறுநீரகம் பழுதுபட்டு, வாரத்துக்கு மூன்று முறை குருதி சுத்திகரிப்புக்குப் போய்வருபவர். கை குச்சியாக இருந்தது. நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம்.

"நீங்கதான் அந்த எழுதுறவரா?"

"ஆமாம், அம்மா."

"எழுதாமலே இருந்திருக்கலாம் லா. எழுதலன்னா கொல்றதுக்கு ஆளு கெடச்சிருக்காது."

"விடு அஞ்சல" என்றார் கணவர். "நான் எத்தன தடவ செத்திருக்கேன். எல்லா நாடகத்துலயும் கடைசி சீன்ல நாந்தான சாவேன்."

"அது நாடகம். தெர விழுந்தோன எந்திரிச்சு வந்து சோறு கேப்பீங்க. இதுல எந்திரிக்கவே விடமாட்டேங்குறானுங்களே."

பசியாறக் கொடுத்தார்கள். நெத்திலி சம்பாலும் தோசையும். எங்கள் ஊரில் காலையில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்போம். இங்கே காலை உணவுக்கென்றே பசியாறுதல் என்ற சொல்லைத் தனியே வைத்திருக்கிறார்கள். நான் சைவம் என்று தெரிந்ததும் மல்லிகா நெத்திலியை எடுத்துவிட்டுத் தேங்காய்ச் சட்டினி வைத்தார். நான் உண்டுகொண்டிருக்கையில் அஞ்சலை அம்மாள், நான் கேளாமலே சொல்லத் தொடங்கினார்.

நாடகச் சங்கத்தார் களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைவேலுவின் படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றிக் கூட்டம் நடத்தி, அதன் காணொளியை மல்லிகாவுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அதைக்கூட அஞ்சலை அம்மாள் பொறுத்துக்கொண்டார். பொறுக்கமுடியாதது கோயிலில் நடந்தது.

"சுமங்கலி பூஜைக்கு வரிசையா ஒக்காந்திருக்கோம். கமிட்டில புதுசா ஒரு பொண்ணு. எல்லாருக்கும் மஞ்சா குங்குமம் வளையல் வச்சுக் குடுத்துக்கிட்டே வர்றா. என்கிட்ட வந்தோன தாண்டிப் போறா. ஏம்மான்னு கேட்டேன். 'சாரி ஆன்டி, நெட்ல பாத்தோம்'ங்குறா. என் கழுத்துல தாலி தொங்குது. அதப் பாக்கல. போனப் பாக்குறா."

குழந்தைவேலு எழுந்து போய், நின்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார்.

"நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன், அண்ணே" என்றார் அம்மையார். "போறப்ப பூவும் பொட்டுமாத்தான் போவேன், அது எனக்குத் தெரியும். ஆனா அதுல அவருதான முன்னாடி போயிருக்காரு? அப்ப அதுல நான் தாலி அறுத்தவதான? நாளைக்கு என் பேரப்புள்ள பாத்தாலும் அப்படித்தான இருக்கும்? அத அழிச்சிடுங்க. நான் கண்ண மூடுறதுக்குள்ள அழிச்சிடுங்க."

"முயல்கிறேன், அம்மா."

"முயல்றதெல்லாம் வேணாம். அழிங்க."

அன்றைய நாளிதழைக் குழந்தைவேலுவின் கையில் கொடுத்து, முதல் பக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். பேச்சுப் பக்கத்தில் இட்டேன். பிரிக்பீல்ட்ஸ் விடுதிக்குத் திரும்புவதற்குள் பதில் வந்திருந்தது: "வணக்கம் ஐயா. படத்தில் இருப்பவர் அவர்தான் என்பதற்குச் சான்று தேவை. சொந்த ஆய்வு ஏற்கப்படுவதில்லை." நேற்று எனக்குத் தம் உணவை நீட்டிய அதே கைதான் இதனையும் தட்டச்சு செய்தது.

நான்காம் நாள் நாளிதழ் அலுவலகத்துக்குப் போனேன். துணை ஆசிரியர் நான் சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அண்ணே, ஒருத்தர் உசுரோட இருக்காருன்னு நியூஸ் போடணும்னா, அதுக்கு முன்னால அவர் மேல காடி கீடி ஏறியிருக்கணும்" என்றார். காடி என்பது அங்கே மோட்டார் வண்டி. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "சரி, பழைய கலைஞர்தான? ஞாயிறு மலருக்கு ஒரு பேட்டி போட்டுருவோம். சனிக்கிழம ஆள் அனுப்புறேன்."

வாசலிலேயே நின்று கிள்ளானுக்குத் தொலைபேசினேன். அஞ்சலை அம்மாள்தான் எடுத்தார்.

"போட்டோல நானும் இருக்கலாமா, அண்ணே?"

"நீங்கள் இல்லாமல் எப்படி, அம்மா?"

"அப்ப அந்த அரக்குச் சேலையக் கட்டிக்கிறேன். பூ நெறைய வாங்கச் சொல்லணும்." பின்னால் திரும்பிக் கணவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது: "கேட்டீங்களா? சனிக்கிழம ஒங்களுக்கு உசுரு வருது. மொகத்த ஷேவ் பண்ணிட்டு இருங்க."

வியாழக்கிழமை விடியற்காலையில் மல்லிகாவின் அழைப்பு வந்தது. "அங்கிள்" என்றார். "அம்மா எந்திரிக்கல அங்கிள்."

இறுதிச் சடங்கு வெள்ளிக்கிழமை நடைபெற்றது. மஞ்சள் நீராட்டி, படத்துக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குச் சேலையையே உடுத்தியிருந்தார்கள். கூடை நிறையப் பூ. சுமங்கலியாகப் போகும் பெண்ணின் நெற்றியிலிருந்து குங்குமம் எடுத்துத் தங்கள் தாலியில் வைத்துக்கொள்ள, அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையில் நின்றனர். வரிசையின் கடைசியில் கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓர் இளம்பெண் நின்றார். மல்லிகா என்னிடம் மெதுவாக, "கோயில் கமிட்டி" என்றார். அப்பெண்ணும் குனிந்து குங்குமம் எடுத்துக்கொண்டார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. மின்சுடலையில் கதவு மூடியபோது குழந்தைவேலு கைகூப்பி நின்றார். நாடகத்தில் இறுதிக் காட்சிக்குப் பிறகும் ஒருவர் நிற்கவேண்டியிருக்கும் என்பதை அறியாதவர்போல நின்றார்.

சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் பத்திரிகைக் கடை வாசலில் நாளிதழைப் பிரித்தேன். பேட்டி எடுக்க ஆள் வரவேண்டாமென்று மல்லிகா முன்னரே சொல்லிவிட்டிருந்தார். உள்பக்கத்தில் கட்டமிட்ட மரண அறிவித்தல். அஞ்சலை அம்மாளின் படம், பொட்டோடு. கீழே: "இங்ஙனம், பிரிவால் துயருறும் கணவர், மேடை நாடகக் கலைஞர் கே. குழந்தைவேலு, கிள்ளான்; மகள், மருமகன், பேரப்பிள்ளைகள்." நாள் இருந்தது. ஊர் இருந்தது. தொழில் இருந்தது. அச்சில் இருந்தது.

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த சான்று இதுதான் என்று உணர்ந்தபோது, அந்தப் பக்கம் கசங்காமல் நாளிதழை மடித்துப் பையில் வைத்தேன்.

அதனைக் குழந்தைவேலுவிடம் கேளாமல் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை. மீண்டும் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். இம்முறை சரியான பெட்டி. குழந்தைவேலு கூடத்தில் தரையில் அமர்ந்திருந்தார். கட்டில் காலியாக, மெத்தையின்றி இருந்தது. நாளிதழைக் காட்டி, தயங்கித் தயங்கி விளக்கினேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"போடுங்க" என்றார். "அவ கேட்டதுதான."

அவர் அருகிலேயே அமர்ந்து, கைப்பேசியில் இறப்பை நீக்கினேன், சான்றைச் சேர்த்தேன். நாளிதழின் பெயர், நாள், பக்க எண். சில நிமிடங்களில் நெடுஞ்சேரனின் பதில் வந்தது: "வணக்கம் ஐயா. மிகச் சிறந்த சான்று. மாற்றத்தை ஏற்கிறேன். தங்கள் பொறுமைக்கும் உழைப்புக்கும் நன்றி." அத்துடன், விடாமுயற்சியுடைய பங்களிப்பாளர்க்கு வழங்கும் பதக்கம் ஒன்றின் படத்தையும் என் பக்கத்தில் ஒட்டியிருந்தார். அந்த அறிவித்தலை அவர் படித்தாரா, பக்க எண்ணை மட்டும் பார்த்தாரா என்று நான் வினவவில்லை. இனி வினவுவதாகவும் இல்லை. அந்தப் பதக்கத்தை நீக்கினேன். அதனை ஒருவரும் மீளமைக்கவில்லை.

"காட்டுங்க" என்றார் குழந்தைவேலு.

கைப்பேசியைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தம்மைப் பற்றிய முதல் வரியை உதடு அசையப் படித்தார். ஊர், பிறந்த ஆண்டு, வில்லன் வேடம். இறந்த நாள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை.

"இந்தச் சின்ன நம்பர் என்னா?"

"அதைத் தொட்டால், உங்களைப் பற்றிச் சொன்னது உண்மை என்பதற்குச் சான்று தெரியும்."

தொட்டார். பக்கம் சரசரவென்று கீழே ஓடி, அடிக்குறிப்பில் நின்றது. 'திருமதி அஞ்சலை குழந்தைவேலு, மரண அறிவித்தல்.' அக்கட்டுரை முழுவதிலும் அந்த அம்மையாரின் பெயர் வருவது அந்த ஓரிடத்தில் மட்டுமே.

அடுக்களையிலிருந்து மல்லிகா, "அப்பா, பசியாற வாங்க" என்று இருமுறை கூப்பிட்டார். அவர் பக்கத்தை விரலால் மேலே தள்ளினார். தம் பெயரைக் கண்டார். மறுபடியும் அந்த எண்ணைத் தொட்டார்.